முப்பத்தோராம் நாளில் இரண்டாயிரமாம் ஆண்டு

என் கணவர் முத்துக்குமாருவை எரித்து எட்டாம் நாள், அவருடைய தமையன் கனகசபாபதி ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வந்து எங்கள் விறாந்தையில் இருந்தார். அது எழுபத்தாறாம் ஆண்டு மாசி மாதம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை. அன்றைக்கு வருகிற எல்லாருடைய கையிலும் ஒரு புத்தகம் கொடுக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அதைக் கல்வெட்டு என்போம். செத்தவருடைய படம், வம்சம், ஒரு புலவரைப் பிடித்து எழுதுவித்த புலம்பல், அதற்குப் பின்னால் தேவார திருவாசகம். எல்லாக் கல்வெட்டிலும் செத்துப்போனவர் ஒரே ஆள்தான். கல்வியில் கடல், கொடையில் மழை, சுற்றத்துக்கு ஆலமரம். பெயரை மட்டும் மாற்றினால் காணும்.

நான் சொன்னேன்: "தேவாரம் இருக்கட்டும் அத்தான். அதுக்குப் பின்னாலை அவரின்ரை புத்தகத்தையும் அடியுங்கோ."

"எந்தப் புத்தகம்?"

"உங்களுக்குத் தெரியாததே? ரண்டாயிரமாம் ஆண்டுப் புத்தகம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். துக்கத்தில் எனக்கு மூளை கலங்கிவிட்டதென்று நினைத்திருப்பார்.

என் கணவர் கொடிகாமம் தபாற்கந்தோரில் இருபத்தாறு வருஷம் தந்தி எடுத்தவர். பகல் முழுவதும் யாரோ செத்த சேதியை எழுதுவார். பின்னேரம் வீட்டுக்கு வந்து, கால் முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு, இரண்டாயிரமாம் ஆண்டில் மனிதர் எப்படி இருப்பார்கள் என்று எழுதுவார். பதினொரு கொப்பி. சேட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு திரியும் டெலிபோன் வருமாம், தந்தி என்ற ஒன்றே இருக்காதாம். தன்னுடைய உத்தியோகத்துக்குத் தானே கொள்ளி வைத்த மனுஷன் அவர் ஒருவர்தான். சாதகப் பொருத்தம் பார்க்க மெசின் வருமாம். தண்ணீரைப் போத்தலில் அடைத்து விற்பார்களாம். இதைக் கேட்டு நான் வயிறு நோகச் சிரித்தேன். "கிணத்தை என்ன செய்யிறதாம், தூர்க்கிறதோ?" என்று கேட்டேன். அவர் எழுதிக்கொண்டே இருந்தார். என்னுடைய பகிடிக்கு அவர் ஒருநாளும் பதில் சொன்னதில்லை. எனக்கு வாய் நீளம்.

புத்தகமாகப் போடச் சொல்லிப் படியெடுத்துச் சென்னைக்கு இரண்டு தரம் அனுப்பினார், கொழும்புக்கு ஒரு தரம். முதல் தரம் பதிலே இல்லை. இரண்டாம் தரம் கொப்பிகள் மட்டும் திரும்பி வந்தன. கடைசியாக அனுப்பிய இடத்தில் அதைச் சோதிட நூல் என்று நினைத்து, ஆசிரியர் யாரிடம் சோதிடம் கற்றவர் என்று கேட்டு எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதத்தை நான் அக்கம்பக்கத்துக்கெல்லாம் சொல்லிச் சிரித்தேன். அதற்குப் பிறகு அவர் கொப்பிகளை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிட்டார்.

சாகிறதற்கு இரண்டு நாள் முன்னம், மூச்சு வாங்க வாங்க என்னிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "அலுமாரியிலை கறையான் ஏறாமல் பார்த்துக்கொள்." அதை வாசி என்று கேட்கவில்லை, அச்சடி என்றும் கேட்கவில்லை. இருபது வருஷம் ஒரே வீட்டில் இருந்து அதில் ஒரு பக்கம் வாசிக்காதவளிடம் வேறு என்னத்தைக் கேட்பது? அந்தச் சொல்தான் என்னைக் குத்திக்கொண்டே இருந்தது.

மூத்தார் கனகசபாபதி லேசில் விடவில்லை. அவர் ஊர்க் கோயிலின் தருமகர்த்தா, பேசிப் பழக்கப்பட்டவர். "செத்தவீட்டுப் புத்தகத்திலை வரப்போறதைப் பற்றி ஆர் எழுதுறது? சனம் சிரிக்கும் பிள்ளை."

"சிரிக்கட்டும். நான் சிரிக்கேல்லையே?"

"ஒரு ரண்டு பக்கம் சுருக்கிப் போடுவம்."

"ஒரு வரி வெட்டக்கூடாது. முழுக்க வரவேணும். இல்லையெண்டால் கல்வெட்டே வேண்டாம்."

விறாந்தையில் இனசனம் முழுக்க இருந்தது. எல்லாரும் கேட்கத்தான் சொன்னேன். கல்வெட்டு இல்லாத அந்தியேட்டி அவருக்குத்தான் பெரிய மானக்கேடு. எழும்பிப் போய்ச் சாவகச்சேரியில் அச்சுக்கூடம் வைத்திருக்கும் செபநாயகத்திடம் கொப்பிகளைக் கொடுத்தார்.

பதினெட்டாம் நாள் மத்தியானம் செபநாயகம் அச்சுப்பிரதியைத் தானே கொண்டு வந்தார். அமைதியான வேதக்காரர், ஞாயிறு தவறாமல் தேவாலயம் போகிறவர், எங்களைவிட இளையவர். போகும்போது படலையடியில் நின்று, "அக்கா, ஒன்பதாம் அத்தியாயத்தை ஒருக்கால் வாசிச்சுப் பாருங்கோ. பிறகு என்னிலை குறை சொல்லக்கூடாது" என்றார்.

குசினி வாசலில் இருந்து வாசித்தேன். அதில் இப்படி இருந்தது:

"இரண்டாயிரமாம் ஆண்டில் ஒரு வீட்டுக்கு வரும் எவரும் அந்த வீட்டார் குடிக்கும் பாத்திரத்திலேயே தண்ணீர் குடிப்பர். இன்று அப்படியில்லை. பிறர் வீட்டைப் பற்றி எழுத எனக்கு உரிமையில்லை, என் வீட்டைப் பற்றி எழுதுகிறேன். எங்கள் குசினியின் பின்சுவரில் ஒரு தகரப்பேணி தொங்குகிறது. நெல்லுக் குத்தவும் மிளகாய் இடிக்கவும் வருகின்ற பூரணத்துக்கு என் மனைவி மகாதேவி அதில்தான் தண்ணீர் வார்ப்பாள். பேணியில் செம்பு படாதபடி உயர்த்தி வார்ப்பாள். இத்தனை வருடத்தில் ஒரு துளி வெளியே சிந்தியதில்லை. அந்தப் பேணிக்கு ஆணி அடித்தவன் நான்."

வாசித்து முடித்ததும் தாள்களை நிலத்தில் எறிந்தேன். துக்கத்தால் அல்ல, ஆத்திரத்தால். என் பெயரைப் போட்டு எழுதியிருக்கிறார். ஒரு துளி சிந்தாததைக்கூட இருந்து பார்த்திருக்கிறார். பார்த்ததை என்னிடம் ஒரு சொல் சொல்லாமல், இரண்டாயிரமாம் ஆண்டுக்குக் கடிதம் போடுகிற மாதிரிக் கொப்பிக்குள் எழுதி வைத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டார். செத்த மனுஷனோடு எப்படிச் சண்டை பிடிக்கிறது? ஊரில் எந்த வீட்டில் அந்தப் பேணி இல்லை? நான் மட்டும்தானா வார்த்தேன்?

மூத்தாரும் ஒரு பிரதி வாசித்திருந்தார். பின்னேரமே வந்துவிட்டார். முதல் தரமாக என்னோடு இதமாகக் கதைத்தார்.

"உன்ரை மானத்துக்காகத்தான் சொல்லுறன் பிள்ளை. உது அச்சிலை வந்தால் உன்ரை பேர் சந்தி சிரிக்கும். ஒன்பதாவதை எடுத்துப்போட்டுப் பத்தாவதை ஒன்பது எண்டு போடுவம். ஆருக்குத் தெரியப்போகுது?"

"எடுங்கோ" என்றேன்.

ஓம், அப்படித்தான் சொன்னேன். ஒரு வரி வெட்டக்கூடாது என்று சபை நடுவில் கத்தியவள் நான்தான். பத்து நாளில் முழு அத்தியாயத்தையும் வெட்டக் கொடுத்தேன். அவர் திருப்தியோடு போனார்.

இரண்டு நாள் என் பாட்டில் இருந்தேன். மூன்றாம் நாள் காலமை, பின்பக்கம் சாம்பல் கொட்டப் போனபோது அந்த ஆணி கண்ணில் பட்டது. அதை அடித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது. பேணி மண்ணில் கிடக்கிறதே, ஒரு ஆணி அடித்துத் தாருங்கோவன் என்று நான்தான் நச்சரித்தேன். அவர் சுத்தியலை எடுத்துக்கொண்டு வந்து இரண்டு அடியில் அடித்துவிட்டுப் போனார். முகத்தில் ஒன்றும் இல்லை. அந்த இரண்டு அடியை அவர் இத்தனை காலமும் சுமந்திருக்கிறார். என்னைக் காட்டிக் கொடுத்துவிட்டார் என்றுதான் நான் பொருமிக்கொண்டிருந்தேன். கடைசி வரியில் தன்னையும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாரே, அது அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாழ்நாளில் ஒருவரையும் எதிர்த்துக் கதைக்காத மனுஷன் துணிந்து சொன்னது அந்த ஒரு வரிதான். அதைத்தான் நான் எடுங்கோ என்று கொடுத்திருக்கிறேன்.

செத்தவீட்டுத் துடக்கு கழியாத பெண், அதுவும் தாலி இறக்கி ஒரு மாதம் ஆகாதவள், படலையைத் தாண்டக்கூடாது. நான் வெள்ளைச் சேலையோடு கொடிகாமம் சந்தியில் நின்று பஸ் ஏறினேன். என் பக்கத்தில் இருந்த பெண் எழும்பிப் போய் வேறு இடத்தில் இருந்தாள். அச்சுக்கூட வாசலில் என்னைக் கண்டதும் செபநாயகம் பதறிப்போனார்.

"அக்கா, நீங்கள் வெளிக்கிட்டு வரலாமோ?"

"வந்திட்டன். ஒன்பதாம் அத்தியாயத்தைத் திருப்பிப் போடுங்கோ."

"கனகசபாபதியார் எடுக்கச் சொன்னவர்."

"அவர் தமையன். நான் பெண்சாதி. உதிலை கிடக்கிற பேரும் என்ரை பேர்."

அவர் கையிலிருந்த மையைத் துடைத்தார். பிறகு உள்ளே போய், கட்டி வைத்திருந்த ஈய எழுத்துப் பக்கங்களை எடுத்து வந்து மேசையில் வைத்தார். "நான் இன்னும் எழுத்துகளைப் பிரிக்கேல்லை அக்கா. மனம் வரேல்லை" என்றார். எனக்கு அழுகை வந்தது. என் கணவர் செத்ததற்கு அழுததைவிட அதிகமாக அங்கே நின்று அழுதேன்.

அந்தியேட்டியன்று காலமை கீரிமலைக்குப் போய்க் கிரியை முடித்து வந்தார்கள். மத்தியானம் பந்தலுக்குள் கல்வெட்டு கொடுத்தோம். முதலில் எல்லாரும் படத்தைப் பார்த்தார்கள், வம்சத்தில் தங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடினார்கள். பிறகு ஒருவர் ஒன்பதாவதைக் கண்டுபிடித்திருக்க வேண்டும். பந்தலில் பேச்சு மெல்ல மெல்ல அடங்கியது. தாள் புரட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.  மூத்தார் சாப்பிடாமல் சால்வையை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார். நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். பொய் சொல்லக்கூடாது, எனக்குப் பெருமையாக இருந்தது. இந்த ஊரில் இப்படி ஒரு காரியத்தை எவள் செய்வாள் என்று நினைத்தேன்.

அந்தப் பெருமையோடுதான் பின்வளவுக்குப் போனேன். அங்கே முருங்கைக்குக் கீழே பூரணமும் இன்னும் நாலைந்து பேரும் சோற்றுக்குக் காத்துக்கொண்டிருந்தார்கள். முன்பந்தல் சனம் சாப்பிட்டு எழும்பிய பிறகுதான் அவர்களுக்கு. கல்வெட்டு அவர்களுக்குக் கொடுப்பதில்லை. நான் ஒன்றை எடுத்துக்கொண்டு போய்ப் பூரணத்திடம் நீட்டினேன்.

"இந்தா பூரணம். இதிலை ஒன்பதாம் அத்தியாயத்திலை உன்ரை பேரும் கிடக்கு. ஆரையும் கொண்டு வாசிப்பிச்சுக் கேள்."

அவள் கையைச் சேலையில் துடைத்துவிட்டு வாங்கினாள். திறந்தாள். படத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றினாள். பிறகு பக்கங்களைத் தள்ளி, விரலை வரியில் வைத்து, உதடு மட்டும் அசைய வாசிக்கத் தொடங்கினாள்.

"உனக்கு வாசிக்கத் தெரியுமோ?"

"வேதப் பள்ளிக்கூடத்திலை அஞ்சாம் வகுப்பு மட்டும் படிச்சனான் நாச்சியார்."

இருபது வருஷமாக என் வீட்டு முற்றத்தில் நெல்லுக் குத்தியவள். ஒருநாளும் நான் அதைக் கேட்டதில்லை, எனக்கு அது தோன்றியதுமில்லை.

ஒன்பதாம் அத்தியாயத்தை அவள் ஆறுதலாக, அவசரப்படாமல் வாசித்தாள். தன் பெயர் வந்த இடத்தில் விரல் நின்றது. என் பெயர் வந்த இடத்திலும் நின்றது. நான் எதற்கோ காத்துக்கொண்டு நின்றேன். அழுவாள், கையெடுத்துக் கும்பிடுவாள், ஐயா தெய்வம் என்று சொல்லுவாள் என்றெல்லாம் எதிர்பார்த்தேன் போலிருக்கிறது. அவள் புத்தகத்தை மூடினாள்.

"ஐயா ரண்டாயிரமாம் ஆண்டு எண்டு எழுதியிருக்கிறார். இன்னும் இருபத்திநாலு வருஷம் கிடக்கு. எனக்கு இப்பவே ஐம்பத்தைஞ்சு. அவ்வளவுக்கு நான் இருப்பனோ நாச்சியார்?"

அதில் குத்தல் இல்லை, கோபமும் இல்லை. அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்கிற மாதிரித்தான் கேட்டாள்.

தமையனோடு சண்டை பிடித்தவள், துடக்கோடு பஸ் ஏறியவள், ஊர் முழுக்க வாசிக்க என் பெயரை அச்சில் ஏற்றியவள் நான். என் முதுகுக்குப் பின்னால் குசினிக் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே வா என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? வாய் திறந்தேன். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இருப்பாய் பூரணம், ஏன் இல்லாமல்? உனக்கென்ன, நல்ல தேகம்."

"ஓம் நாச்சியார்" என்றாள் அவள். புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு, இலை போட்ட இடத்தில் போய் மற்றவர்களோடு இருந்தாள்.

அதன் பிறகும் அவள் மூன்று வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தாள், பின்பக்கத்தால் வந்து பின்பக்கத்தாலேயே போனாள். நான் ஒன்றையும் மாற்றவில்லை. நாளைக்குச் செய்வோம், வருகிற பொங்கலுக்குச் செய்வோம் என்று நினைப்பேன். பிறகு சனம் என்ன சொல்லும் என்று விட்டுவிடுவேன். இப்போது பட்டணத்திலிருந்து படித்த பிள்ளைகள் வந்து அந்தக் கல்வெட்டைக் கேட்டு வாங்கிப் போகிறார்கள். என்னைத் துணிச்சல்காரி என்கிறார்கள். நானும் தேத்தண்ணி வைத்துக் கொடுத்து அனுப்புகிறேன்.

இரண்டாயிரம் என்று அவர் கணக்குப் பார்த்து எழுதினார். அதுவரைக்கும் பொறு என்று அவளுக்குச் சொன்னவள் நான். பூரணம் எழுபத்தொன்பதாம் ஆண்டு ஐப்பசியில் செத்துப்போனாள்.