தடங்கல் ஏதும் இல்லை

எங்கள் ஸ்கேன் சென்டரின் பழைய சர்வருக்கு நாங்கள் வைத்த பெயர் பெரியப்பா. கிளைகளில் எடுக்கிற படங்களெல்லாம் அவர் வழியாகத்தான் இங்கே டாக்டருக்கு வரவேண்டும். அவருக்குள் ஓடும் மென்பொருளைச் செய்தவர்களே அதைக் கைகழுவிப் பல வருடமாகிறது. அதில் ஓர் ஓட்டை: உள்ளே நுழைய வருகிறவன் தன் பெயர் என்று முந்நூறு எழுத்தை அனுப்பினால் போதும், பெரியப்பா மயங்கி விழுந்துவிடுவார். கடவுச்சொல்கூட வேண்டாம். நீளமாகப் பேசினாலே ஆள் காலி.

அன்று காலை எட்டரைக்கு எவனோ அதைக் கண்டுபிடித்துவிட்டான். ஒவ்வொரு முறையும் வெவ்வேறு முகவரியிலிருந்து வந்தான். எந்தக் கதவை என்று அடைப்பது? நான் எழுப்பி உட்காரவைப்பேன், அவன் தள்ளிவிடுவான். ஒன்பது மணிக்கே எனக்கு அலுத்துப்போயிற்று.

அன்றைக்குப் பார்த்து ஒரு கிளையிலிருந்து என் அக்காவின் படம் வரவேண்டியிருந்தது. வயிற்றில் கட்டி. பதினோரு மணிக்குள் எங்கள் டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்தால் பன்னிரண்டுக்கு அந்தக் கிளைக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஆபரேஷன். விட்டால் சர்ஜன் மூன்று வாரம் ஊரில் இருக்கமாட்டார். மொத்தம் அறுநூறு படம். பாதியில் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து.

ஒன்பதரைக்குக் கிளையிலிருந்து அத்தான் கூப்பிட்டார். அங்கிருந்து இங்கே வர ஒரு மணி நேரம்.

"ஏம்மா, டிஸ்க்ல போட்டுத் தர்றேங்கிறாங்க. நானே வண்டியில எடுத்துட்டு வந்துடவா?"

"வேணாம் அத்தான், நீங்க அக்கா கூடவே இருங்க. இதோ போயிடும்."

அப்படித்தான் சொன்னேன். ஆறு வருடமாகப் பெரியப்பாவை எழுப்பியே பழகிய திமிர். நானூறு வரை போயிற்று, விழுந்தார். அடுத்த முறை ஐந்நூற்று எழுபது. எனக்குச் சிரிப்புகூட வந்துவிட்டது. விழுந்தார்.

பத்தரைக்கு மேனேஜர் அறைக்குப் போய்ச் சத்தம் போட்டேன்.

"புது சர்வர் வேணும்னு மூணு தடவை எழுதிக் கொடுத்தேன் சார். நீங்க காதுலயே போட்டுக்கலை."

அவர் கோபப்படவில்லை. ஒரு ஃபைலைத் திறந்து என் பக்கம் திருப்பினார். மாதாமாதம் நான் எழுதிக் கொடுத்த அறிக்கைகள். எல்லாவற்றிலும் ஒரே வரி: தடங்கல் ஏதும் இல்லை.

"நல்லா ஓடுறதை ஏன் மாத்தணும்னு மேல கேட்டாங்கம்மா. நான் என்னத்தைச் சொல்ல?"

பெரியப்பா விழுந்த இரண்டாவது நிமிடமே எழுப்பிவிடுவேன், ஒருவருக்கும் தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் கெட்டிக்காரத்தனம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். வெட்கமாக இருந்தது. இடத்துக்குத் திரும்பி மறுபடி எழுப்பினேன்.

படம் முழுதாக வந்து சேர்ந்தபோது பதினொன்று ஐம்பது. டாக்டர், பாவம், டீயைக்கூட அப்படியே வைத்துவிட்டு உட்கார்ந்து பார்த்தார். அதற்குள் தியேட்டரில் வேறொருவரைப் படுக்கவைத்துவிட்டார்கள்.

அக்காவே கூப்பிட்டாள். திட்டப்போகிறாள் என்று பயந்துகொண்டேதான் எடுத்தேன்.

"மூணு வாரம் கழிச்சுத்தானாமே?"

"ஆமாக்கா. அத்தான் டிஸ்க்கை எடுத்துட்டு வர்றேன்னாரு. நான்தான் வேணாம்னேன்."



"சரி விடு," என்றாள். "நேத்து ராத்திரியிலேர்ந்து பச்சத் தண்ணி குடிக்கலடி. இப்ப சாப்பிடலாமான்னு யாரையாவது கேட்டுச் சொல்றியா?"