தேக்கரண்டிப் படிகள்

மிதிதட்டு கீழே போய் விழுந்த சத்தம் கேட்டதும் மார்லிஸ் முதலில் திட்டியது மருமகனைத்தான். அவன் அந்தப் பக்கத்திலேயே இல்லை. அந்நேரத்துக்கு அவன் போர்வைக்குள் சுருண்டு கிடந்திருப்பான். இருந்தாலும் டிராக்டர் கிளம்பாவிட்டாலும் சரி, பால் திரிந்தாலும் சரி, எல்லாவற்றுக்கும் அடியில் கோல்பிதான் இருக்கிறான் என்பது மகள் பிரிட்டாவின் கல்யாணத்திலிருந்து அவளுக்குப் பழகிப்போன எண்ணம். வாய் தானாக அந்தப் பெயருக்குத்தான் போனது.

திட்டி முடித்த பிறகுதான் கீழே பார்த்தாள். பாப்ளார் மரத்தில் மூன்று ஆள் உயரத்தில், வெறும் இருக்கையில், இரண்டு காலும் அந்தரத்தில் தொங்க உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஏறுபரணுக்கு இரண்டு பாகம்: உட்காரும் இருக்கை ஒன்று, கால் வைக்கும் மிதிதட்டு ஒன்று. இரண்டும் கம்பிவளையத்தால் மரத்தைக் கவ்விக்கொள்ளும். உட்கார்ந்துகொண்டு மிதிதட்டைக் காலால் தூக்க வேண்டும், பிறகு அதில் நின்றுகொண்டு இருக்கையைத் தூக்க வேண்டும். இப்படியே கம்பளிப்பூச்சி மாதிரி ஏறவேண்டியது. இரண்டுக்கும் நடுவே ஒரு கயிறு கட்டியிருக்க வேண்டும், ஒன்று நழுவினால் மற்றது பிடித்துக்கொள்ள. அந்தக் கயிறு இல்லை. வெயில் ஏறி மரப்பட்டையின் உறைபனி உருகி வழவழத்திருந்த நேரத்தில், மரத்துப்போன பின்பக்கத்துக்கு இதமாக ஒரு தடவை எழுந்து நின்று, திரும்ப உட்கார்ந்து, குதிகாலைத் தூக்கினாள். அவ்வளவுதான். மிதிதட்டு தலை சாய்ந்து, மரத்தை உரசிக்கொண்டே கீழே போய்ச் சேர்ந்தது.

கயிறு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். தோட்டத்தில், தக்காளிச் செடிகளைத் தாங்கிக்கொண்டு. பழையது இற்றுப்போனதைப் பார்த்துவிட்டு அவள் பிறந்தநாளுக்குக் கோல்பிதான் புதிதாக வாங்கிக் கொடுத்தான். கூடவே தோளிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்பு வார் ஒன்றும். வார் நாய்க்குப் போனது. "தக்காளிக்கு இதைவிட நல்ல கயிறே கிடையாது" என்று தேவாலயத்தில் காபி குடிக்க வருகிறவர்களிடமெல்லாம் அவள் சொல்லிச் சிரித்திருக்கிறாள்.

குதிக்க முடியாது. போன வருஷம்தான் இடுப்பெலும்பை மாற்றியிருந்தார்கள். மரத்தைக் கட்டிப்பிடித்துச் சறுக்கிப் பார்க்கலாம் என்று ஒரு காலைச் சுற்றினாள். இருக்கை ஒரு பக்கமாக முனகியதும் காலைத் திரும்ப எடுத்துக்கொண்டாள். போன், வண்டியில் இருந்தது. காட்டுக்குள் போன் எடுத்துப் போகிறவன் வேட்டைக்காரனே இல்லை என்பது அவள் கட்சி. வண்டியோ, யார் கண்ணிலும் படாதபடி பக்கத்து நிலத்துச் சோளக்கொல்லைக்குப் பின்னால் நின்றது. மகளிடம் வடக்கு மேட்டுக்குப் போவதாகச் சொல்லியிருந்தாள்.

ஏனென்றால் இது கோல்பியின் இடம்.

நிலம் அவளுடையதுதான். ஓடை, மேடு, இந்தப் பாப்ளார், எதிரே நிற்கும் கோணல் ஓக் மரம் எல்லாமே ஹல்வர்சன் குடும்பத்துச் சொத்து. ஆனால் அவள் புருஷன் ஆர்லன் இருந்த காலத்திலிருந்து ஒரு வழக்கம் உண்டு: தடம் பார்த்து, இடம் கண்டுபிடித்து, மரம் குறித்தவன் எவனோ, அந்தப் பருவம் முடிகிறவரை அந்த இடம் அவனுடையது. நிலத்துக்காரன்கூட அங்கே உட்காரக் கூடாது. இந்த வழக்கத்தை மீறினான் என்று தன் கூடப்பிறந்த தம்பியையே மரத்திலிருந்து இறக்கி, பரணோடு ரோட்டில் கொண்டுபோய் விட்டவள் மார்லிஸ். தம்பி இன்றுவரை கிறிஸ்துமஸ் வாழ்த்து அனுப்புவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னால்தான் கோல்பி தன் புது ஏறுகுச்சிகளை எடுத்து வந்தான். மூன்று மெல்லிய குழாய்கள், ஒவ்வொன்றிலும் கால் வைக்கக் குட்டி குட்டியாய் இரண்டு படிகள். ஒன்றின் மேல் ஒன்றாக மரத்தில் கட்டி ஏற வேண்டும். அவற்றை அவளுடைய மாவு நிறுக்கும் தராசில் வைத்து நிறுத்தான். கொக்கிகளைக் கழற்றி எறிந்துவிட்டு மெல்லிய கயிறு போட்டிருந்தான். கயிற்று நுனியைக்கூடக் கனம் என்று நறுக்கியிருந்தான்.

"என்ன மாப்பிள்ளை, மரம் ஏறப்போறியா, கேக் பண்ணப்போறியா?"

"ஒவ்வொண்ணும் ரெண்டு ஆப்பிள் கனம்தான், மார்லிஸ். தூக்கிப் பாருங்களேன்."

"ஆப்பிளைத் தின்னவாவது செய்யலாம். இது என்ன, தேக்கரண்டி மாதிரி இருக்கு? சூப் கலக்கலாம் போல."

அவன் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் அவளுக்கு ஆகாது. எத்தனை குத்தினாலும் உள்ளே போகாத சிரிப்பு. சூட்டுக்கோல் வைத்தாலும் நன்றி சொல்லுவான் போலிருக்கும். நகரத்தில் எதையோ கணினியில் தட்டிச் சம்பாதிக்கிறவன். மான் உரிக்கும்போது வீடியோ பார்த்துக்கொண்டே உரிக்கிறவன். இவனைப் போய்ப் பிரிட்டா கட்டிக்கொண்டாளே.

பிறகு அவன், காட்டில் மரத்தோடு கட்டிவைத்திருந்த கேமராவில் விழுந்த படத்தைக் காட்டினான். ஓடையோரம் ஓக் கொட்டை பொறுக்கும் ஒரு கலைமான். அப்படிப்பட்ட கொம்பை இந்தப் பள்ளத்தாக்கில் யாரும் பார்த்ததில்லை. கிளைகிளையாய்ப் பிரிந்து, ஒரு பக்கம் மட்டும் கீழே வளைந்திருந்தது. மார்லிஸின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றுவிட்டது. அந்த இடம் அவளுக்குத் தெரியும். அங்கே மான் வரும் என்பதும் தெரியும். ஆனால் அங்கே இருப்பதிலேயே தோதான மரம் கோணலும் கிளையுமான ஓக். நேர்மரத்தைத் தவிர வேறெதிலும் அவள் பரண் ஏறாது. அவளுக்கு மூக்குக்கு நேரே இருந்தும் முடியாததை, இவன் தேக்கரண்டியைக் கட்டிக்கொண்டு ஏறி உட்காரப்போகிறான்.

பாத்திரம் கழுவும்போது பிரிட்டா பக்கத்தில் வந்து நின்றாள். அம்மாவின் முகத்தை அவள் படித்திருந்தாள்.

"அம்மா, உன் கேலியெல்லாம் அவர் பொறுத்துக்குவாரு. நான் பொறுத்துக்கறதே அவர் சொல்றதாலதான். ஆனா அவர் இடத்துல மட்டும் நீ கை வச்சே, இந்த வீட்டு வாசப்படிய நாங்க மிதிக்கறது அதோட சரி."

"உன் புருஷன் இடம் எனக்கெதுக்குடி?" என்றாள் மார்லிஸ். சொல்லும்போதே எதிர்ப் பாப்ளார் அவள் மனசில் நேராக நின்றுகொண்டிருந்தது.

பொழுது மதியத்தைத் தாண்டியது. பாட்டிலில் இருந்த காபி தீர்ந்து, காபி போகவேண்டிய வழியில் போயும் ஆயிற்று. தன்னை இவ்வளவு கேவலமான நிலையில் அவளே பார்த்ததில்லை. கத்தினால் பக்கத்து நிலத்துக்காரனுக்குக் கேட்கும். கேட்டால் ஊருக்கே கேட்டமாதிரி. கத்தாவிட்டால், சாயங்கால வேட்டைக்கு இங்கே வரப்போவது ஒரே ஒருத்தன். அவன் கால் இடறி, சுள்ளி முறிய, மூச்சிரைக்க வருவான் என்றாவது எதிர்பார்த்தாள். திரும்பிப் பார்த்தால் மரத்தடியிலேயே நிற்கிறான். வந்த அரவமே இல்லை. அதுவும் அவளுக்குப் பிடிக்கவில்லை.

கோல்பி கீழே கிடந்த மிதிதட்டைப் பார்த்தான். அப்புறம் மெதுவாக மேலே பார்த்தான்.

"மார்லிஸ்?"

"வேற யாரு, குரங்கா?"

"வடக்கு மேட்டுக்குப் போறதாச் சொன்னீங்க."

"வழி தவறிடுச்சு."

"உங்க சொந்தக் காட்டுலயா?"

அதற்கு மேல் அவன் எதுவும் கேட்கவில்லை. இந்த முறை சிரிக்கவும் இல்லை. முதுகுப் பையை இறக்கி, வில்லை மரத்தில் சாய்த்து, முதல் குச்சியை எடுத்தான். அப்போதுதான் ஓடைக்கு அந்தப் பக்கம் சருகு நொறுங்கியது.

இருவருக்கும் அந்தச் சத்தம் தெரியும். அணில் இல்லை. நிதானமாக, தன் வீட்டுக் கூடத்தில் நடக்கிற மாதிரி வந்தது. முதலில் கொம்பு தெரிந்தது, வளைந்த பக்கம். பிறகு கழுத்து. கலைமான் ஓக் மரத்தடிக்கு வந்து, தலையைக் குனிந்து கொட்டைகளைக் கடிக்கத் தொடங்கியது. காற்று அதன் பக்கமிருந்து இவர்கள் பக்கம் வீசியதால் இவர்கள் வாடை அதற்கு எட்டவில்லை. விலா முழுக்க அவளுக்குத் திறந்திருந்தது. கோல்பியோ மரத்தின் மறுபக்கம். வில்லை எடுத்து ஓரடி நகர்ந்தால் அவனுக்கும் கிடைக்கும்.

அவன் வில்லைத் தொடவில்லை. கலைமானை ஒரு தரம் நன்றாகப் பார்த்தான். பிறகு அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு குச்சியை மரத்தில் வைத்துக் கயிற்றைச் சுற்றினான்.

மடையன், என்று மார்லிஸுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இப்படிப்பட்ட மானுக்கு முதுகைக் காட்டுகிறவனும் ஒரு மனுஷனா? கிழவி இன்னும் கொஞ்ச நேரம் தொங்கினால் செத்தா போவாள்? இப்போது கொக்கி கிணுங்கும், மான் ஓடும் என்று பல்லைக் கடித்தாள். கிணுங்க அங்கே கொக்கி ஏது? கயிறு பட்டையின் மேல் சத்தமில்லாமல் இறுகியது. ஒரு படி ஏறினான். இரண்டாவது குச்சி. மான் மென்றுகொண்டே இருந்தது.

அவள் கை பரணில் மாட்டியிருந்த தன் வில்லுக்குப் போனது. அவன் வேண்டாமென்று விட்டதுதானே? யாரும் எடுக்காததை எடுத்தால் திருட்டா? அம்பைப் பொருத்தி இழுத்தாள். நாண் கன்னத்தில் வந்து நின்றது. விலாவுக்குப் பின்னால், வைக்கவேண்டிய இடத்தில் குறி வைத்தாள். இதற்காகத்தானே பொய் சொன்னது, வண்டியை ஒளித்தது, விடியும் முன்னே எழுந்து திருடி மாதிரி வந்தது.

கோல்பியின் தலை அவள் முழங்காலுக்குச் சமமாக வந்தது. இழுத்த வில்லைப் பார்த்தான். தன் வாரைக் கழற்றி அவள் இடுப்பைச் சுற்றி மரத்தோடு பிணைத்தான்.

"அடிங்க" என்றான், மூச்சு மாதிரி. "எடுத்துக்கோங்க. இதுக்காகத்தானே வந்தீங்க."

அவள் குனிந்து அவன் முகத்தைப் பார்த்தாள். அழுகிற பிள்ளைக்கு மிட்டாயை விட்டுக்கொடுக்கிற முகம். இத்தனை நாள் சாப்பாட்டு மேஜையில் தான் அவனைப் பார்த்த பார்வை எதிரிலிருந்து பார்த்தால் எப்படியிருக்கும் என்று அவளுக்கு இப்போதுதான் தெரிந்தது.

"பிரிட்டா..." என்றாள்.

"நான் சொல்லமாட்டேன். நீங்களே சொல்லிடுங்க."

விடவும் முடியவில்லை, தளர்த்தவும் முடியவில்லை. குறி மானின் விலாவை விட்டு வயிற்றுக்கு இறங்கி, சருகுக்குப் போய், திரும்ப வந்தது. கீழே கலைமான் அடுத்த கொட்டையைக் கடித்து உடைத்தது. கோல்பி அந்தரத்தில் தொங்கிய அவளுடைய பூட்ஸைக் கையால் பிடித்தான். மெதுவாக இறக்கி, அந்தத் தேக்கரண்டியின் மேல் வைத்து, அவள் பாரத்தை ஊன்றட்டும் என்று பிடித்துக்கொண்டே காத்திருந்தான்.