ஏற்றத்தில் கேட்ட கேள்வி

"நீங்க என்ன கேட்டாலும் நான் பதில் சொல்ல மாட்டேன்..."

"உங்க மாமியாருக்குக் கண் ஆபரேஷன் என்னாச்சுன்னு கேட்டது ஒரு குத்தமா..."

"கேட்டது குத்தமில்ல டீச்சர். ஏத்தம் வரவும் கேட்டீங்க பாருங்க, அதான் குத்தம்."

ஜாய்ஸ் டீச்சருக்கு ஓடுகிற ஓட்டத்திலேயே தூக்கிவாரிப் போட்டது. பிருந்தாவுக்கு இது தெரியாது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

விஷயம் இதுதான். நாகமலை புதுக்கோட்டையில் அடுத்தடுத்த தெருவில் குடியிருக்கும் இரண்டு பேரும் மூன்று வருடமாக விடிகாலையில் சேர்ந்து ஓடுகிறார்கள். சமதரையில் தோளோடு தோளாகப் போய்விடலாம். மலையை ஒட்டி ரோடு ஏறத் தொடங்கியதும் பிருந்தாவின் கால் பறக்கும். டீச்சருக்கு மூச்சு முட்டும். மெதுவாகப் போ என்று சொல்ல வாய் வராது. ரிட்டயர்மெண்டை நெருங்கும் வயதில் வந்த ரோஷம். அதனால் ஏற்றத்துக்குச் சற்று முன்னால், நீளமாகப் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றைப் போட்டுவிடுவாள். பேச்சு வந்துவிட்டால் பிருந்தாவுக்குக் கால் தானாகத் தளரும். மாமியார் சௌராஷ்டிரா பாஷையில் திட்டியதை அப்படியே திட்டிக் காட்டி, தமிழில் அர்த்தமும் சொல்லி முடிப்பதற்குள் ஏற்றம் முடிந்திருக்கும்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மொத மாசமே தெரியும். எறக்கத்துல ஒரு நாளாச்சும் எங்க வீட்டைப் பத்திக் கேட்டிருக்கீங்களா?"



"தெரிஞ்சும் ஏன் சொன்ன?"

"கேக்க ஒரு ஆளு கெடைச்சா யாருதான் சொல்ல மாட்டாக? இப்ப மாரத்தான் வருது. யுனிவர்சிட்டி பக்கம் ஓடுற பிள்ளைக கூப்பிடுறாக. நாளையில இருந்து அவுககூட ஓடலாம்னு இருக்கேன்."

டீச்சர் ஓர் எட்டு பின்தங்கினாள். வெள்ளெனப் பிருந்தா வந்து கேட்டை ஆட்டாவிட்டால் அவள் படுக்கையை விட்டே எழ மாட்டாள். எழுந்துதான் என்ன செய்வது? வீட்டில் கணவர் ஸ்டீபன் சார் ஒருவர்தான். மகள் ஜெனிஷா பேச்சை எடுத்தால் அவரும் எழுந்து மாடிக்குப் போய்விடுவார்.

"போ. வேகமா ஓடணும்னா போகத்தான் வேணும். ஆனா மூச்சு வாங்க மட்டுந்தான் உன் கதையக் கேட்டேன்னு நெனைக்காத."

"பின்ன? பாதியக் காதுலயே வாங்கியிருக்க மாட்டீங்க. எங்க நாத்தனார் பேரு சொல்லுங்க, பாப்போம்."

"பெரியவளா, சின்னவளா?" டீச்சருக்கு இரைத்தது. ஆனாலும் விடவில்லை. "பெரியவ ஹேமலதா. நீ எடுத்துக் குடுத்த சேலைய மறுவாரமே எதுத்த வீட்டுக்காரிக்குக் குடுத்தவ. சின்னவ ரூபா. உனக்குக் காய்ச்சல்னதும்... பரவையில இருந்து பஸ் மாறி ரசம் கொண்டாந்தவ. உங்க மாமனாருக்கு ஃபேன் சத்தம் இல்லாட்டித் தூக்கம் வராது. கரண்டு போனா உன் வீட்டுக்காரர் விசிறிய வீசிக்கிட்டே... வாயாலயே சத்தம் குடுப்பாரு."

பிருந்தாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓட்டம் நடையானது.

"அம்புட்டும் ஞாபகம் வச்சிருக்கீங்களே."

"ஸ்டீபன் சார்கிட்ட உன் கதையத்தான் சொல்லுவேன். எங்க வீட்டுல பேச வேற என்ன இருக்கு?"

சொன்ன பிறகுதான், சொல்லியிருக்க வேண்டாமோ என்று தோன்றியது டீச்சருக்கு. முகத்தைத் துடைப்பதுபோல் துப்பட்டாவை எடுத்தாள்.

"எனக்கு உங்க கதை ஒண்ணுகூடத் தெரியாதே டீச்சர்."

"நீ எங்க வாய மூடுன, நான் சொல்ல? நேரமாச்சு, ஓடு. நாளைக்கு அந்தப் பிள்ளைககூட ஓடணும்ல."

பிருந்தா ஓடவில்லை. கையிலிருந்த வாட்சை அமுக்கி நிறுத்தினாள். ஏற்றம் இன்னும் பாதி கிடந்தது. டீச்சரின் நடைக்குத் தன் நடையைக் குறைத்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள்.

"மெதுவாத்தான் வாரேன். ஜெனிஷா ஏன் ரெண்டு கிறிஸ்மஸா வீட்டுக்கு வரல? மொதல்ல இருந்து சொல்லுங்க."