தானா வந்த பச்சை இலை

வீட்டில் ஒரு லேப்டாப் இருந்து, அதைச் சரிசெய்யத் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருந்தால், அந்த லேப்டாப்பை ஆண்டவன்தான் காப்பாற்ற வேண்டும். அந்த வீட்டு மருமகளின் லேப்டாப்பை ஆண்டவனும் கைகழுவிவிட்டிருந்தான். காலையில் பொத்தானை அமுக்கிவிட்டுப் போய், குளித்து, துணி காயப்போட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு வந்து பார்த்தால், அப்போதுதான் அது 'நல்வரவு' சொல்லிக்கொண்டிருக்கும்.

அன்றைக்கு அவளுக்கு வேலைக்கான பேட்டி. அதுவும் அந்த லேப்டாப் வழியாகத்தான். என்ன வேலை என்றால், கம்ப்யூட்டர் மெதுவாகிவிட்டது, அசையாமல் நின்றுவிட்டது என்று போனில் புலம்புகிறவர்களுக்குப் பொறுமையாக வழி சொல்கிற வேலை. கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். சிரிப்பவர்களுக்கு என்ன, காசா பணமா? அவள் வேலை பார்த்த கடையை இழுத்து மூடியதிலிருந்து எத்தனையோ இடங்களுக்கு எழுதிப் போட்டுவிட்டாள். திரும்பிக் கூப்பிட்டது இவர்கள் மட்டும்தான். வீட்டிலிருந்தபடியே பார்க்கலாம், மாதம் பிறந்தால் தன் கையில் தன் சம்பளம். இந்த வேலை அவளுக்கு வேண்டும். எவ்வளவு வேண்டும் என்று வாய்விட்டுச் சொல்லக்கூட பயமாக இருக்கும் அளவுக்கு வேண்டும்.

அதனால் ஒரு வாரமாகக் குளியலறையில் ஒத்திகை நடந்தது. "சொல்லுங்க சார், கடைசியா என்ன பண்ணீங்க?" என்று வாளியைப் பார்த்துக் கேட்பாள். வாளியைத் திட்டக் கூடாது, அவசரப்படுத்தக் கூடாது. வாளியும் ஒத்துழைத்தது.

பேட்டிக்கு இஸ்திரி மேசை போட்டிருந்த சின்ன அறையைத் தேர்ந்தெடுத்தாள். அந்த வீட்டில் தாழ்ப்பாள் இல்லாத ஒரே அறையும் அதுதான். விடிந்ததும் லேப்டாப்பைத் தட்டி எழுப்பியதால், பேட்டி நேரத்துக்கு அது ஒருவழியாகக் கண் திறந்திருந்தது. திரையில் வட்டக் கண்ணாடி போட்ட ஒரு மேடம் வந்தார்.

"வணக்கம்மா. முதல்ல உங்களைப் பத்திக் கொஞ்சம்..."

அவ்வளவுதான். வாய் பாதி திறந்தபடி மேடம் உறைந்துபோனார். சத்தமும் நின்றது. சின்ன வட்டம் ஒன்று அவர் மூக்கின் மேல் சுற்ற ஆரம்பித்தது. அம்புக்குறி அசையவில்லை. எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

"ஐயோ, போச்சு," என்றாள். அவளுக்கே கேட்காத குரலில்தான் சொன்னாள். ஆனால் அந்த வீட்டில் 'போச்சு' என்ற சொல்லுக்குத் தனிக் காது உண்டு. மூன்று பேர் உள்ளே வந்துவிட்டார்கள்.

முதலில் வந்தது கணவன். லிஃப்ட் மெக்கானிக். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு," என்றான். இரண்டு மாடிக்கு நடுவில் ஆட்களோடு நின்றுபோன லிஃப்டுக்கும் அவன் முதல் மருந்து அதுதான்.

"ஆஃப் பண்ணினா, திரும்ப ஆன் ஆகறதுக்குள்ள அந்த மேடம் ரிட்டயர் ஆயிடுவாங்க."

"அண்ணி, ரேம் பத்தல," என்றான் கொழுந்தன். அவனுக்கு வீட்டில் 'இன்ஜினியர்' என்று பெயர். செல்போன் கடையில் உறை விற்கிறான். மிக்ஸி ஓடாவிட்டாலும் ரேம் பத்தவில்லை என்றுதான் சொல்வான்.

மாமனார் லேப்டாப்பின் அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தார். பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "காய்ச்சல் அடிக்குதும்மா. உள்ள கூட்டம் ஜாஸ்தி," என்றவர், மேஜை ஃபேனைத் தூக்கிவந்து அதன் முகத்துக்கு நேரே வைத்தார். மருமகளின் தலைமுடி அவள் முகத்தை மூடிக்கொண்டது. லேப்டாப்புக்கு ஒரு சுகமும் தெரியவில்லை.

ஃபேன் காற்றுக்கோ என்னவோ, அம்புக்குறி ஓர் அங்குலம் நகர்ந்தது. அதோடு திரையின் மூலையிலிருந்து ஒன்றன்பின் ஒன்றாக அறிவிப்புப் பெட்டிகள் குதித்தன. கேடயப் படம் போட்ட பெட்டி, 'துடைப்பம் ஒரு திருடன், பிடித்து வைத்திருக்கிறேன்' என்றது. துடைப்பப் படம் போட்டது, 'ராக்கெட் குப்பை, பெருக்கட்டுமா?' என்று கேட்டது. ராக்கெட்டோ, கேடயத்தால்தான் எல்லாம் மெதுவாகிறது என்று கோள் சொன்னது. மூன்றும் கம்ப்யூட்டரை வேகப்படுத்த வந்த மென்பொருள் மகராசன்கள். மூன்றும் சேர்ந்து ஒன்றையொன்று பிடித்து இழுத்ததில் கம்ப்யூட்டர் நடுவில் மாட்டிக்கொண்டது. எரிகிற கொள்ளியில் எந்தக் கொள்ளி நல்ல கொள்ளி?

ஓரத்தில் ஒரு பச்சை இலையும் எட்டிப் பார்த்தது. 'உங்கள் கம்ப்யூட்டரை இளைப்பாற வைத்திருக்கிறேன்' என்றது. மருமகள் அதை மட்டும் பார்க்காததுபோல் பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

'எவன்டா இதையெல்லாம் போட்டது' என்று தொண்டை வரை வந்துவிட்டது. பேட்டி கெட்டுப்போன ஆத்திரம் வேறு கண்ணில் முட்டியது. அப்போது வாளி ஞாபகம் வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்து, முகத்திலிருந்த முடியை ஒதுக்கிவிட்டு, குளியலறைக் குரலில் கேட்டாள்.

"சொல்லுங்க சார். கடைசியா இதுல என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணல," என்றார்கள் மூன்று பேரும், பள்ளிக்கூடத்தில் பாட்டு ஒப்பிப்பதுபோல.

"பரவாயில்ல. யார் மேலயும் தப்பில்ல. சரி பண்றதுக்காகத்தான் கேக்கறேன்."

அவள் இவ்வளவு மரியாதையாகப் பேசிக் கேட்டுப் பழக்கமில்லாத கணவனுக்கு வியர்த்துவிட்டது. "கேடயம் நான்தான்," என்றான். "நீ தினம் இதோட மல்லுக்கட்டறியே, பாவம்னு போட்டேன். வேகமானதும் சொல்லலாம்னு இருந்தேன். வேகமே ஆகல, அதான் சொல்லல."

"ரொம்ப நன்றி சார். ராக்கெட்?"

இன்ஜினியர் கூரையைப் பார்த்தான். அவள் காத்திருந்தாள். பொறுமையாக ஒருத்தி காத்திருந்தால் எவ்வளவு நேரம்தான் கூரையைப் பார்க்க முடியும்? "காசு கட்டி வாங்க வேண்டியது அண்ணி. உங்களுக்காக ஓசியில புடிச்சேன்," என்றான்.

மாமனார் மெல்ல ஃபேனுக்குப் பின்னால் நகர்ந்திருந்தார்.

"மாமா..."

"அது வந்தும்மா, நான் ஒருநாள் செய்தி பார்த்துட்டிருந்தேன். உங்க கம்ப்யூட்டர்ல குப்பை இருக்குன்னு ஒரு பெட்டி வந்து சொல்லுச்சு. மருமக கம்ப்யூட்டர்ல குப்பைன்னா நம்ம வீட்டு மானம் என்ன ஆகறது? சரின்னு அமுக்கிட்டேன்."

அவளுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஆளாளுக்குத் திருட்டுத்தனமாக வந்து தனக்கு நல்லது செய்துவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று நினைத்ததும் அடிவயிற்றிலிருந்து சிரிப்புதான் கிளம்பியது. அதை விழுங்கிக்கொண்டாள். வாடிக்கையாளர் முன்னால் சிரிக்கக் கூடாது.

"யார் ஏத்தினாங்களோ அவங்களே இறக்கிடலாம். நான் சொல்லச் சொல்ல செய்யுங்க. அவசரமே இல்ல."

ராக்கெட் சத்தமில்லாமல் போனது. கேடயம், 'நான் போனால் திருடர்கள் வருவார்கள்' என்று மிரட்டியது. "வரட்டும், இங்க என்ன இருக்கு," என்று கணவன் அமுக்கினான். துடைப்பம்தான் படுத்தியது. அழுகிற முகத்தோடு, 'உண்மையாகவே என்னைப் போகச் சொல்கிறீர்களா?' என்று கேட்டது. மாமனார் மனம் இளகிவிட்டது.

"அழுவுதேம்மா."

"டிக்கெட் எடுக்காம அழற ஆளுங்க எத்தனை பேரை நீங்க பார்த்திருப்பீங்க மாமா?"

அது வேலை செய்தது. அவர் முதுகு நிமிர்ந்தது. "இறங்கு, இறங்கு, ஸ்டாப்பிங் வந்தாச்சு," என்று ஒரே அமுக்காக அமுக்கினார்.

"அண்ணி, இன்னும் ஒண்ணு இருக்கே," என்றான் இன்ஜினியர். "இந்தப் பச்சை இலை?"

"அதுவா? தானா வந்திருக்கும்."

"தானா எப்படி அண்ணி..."

"தம்பி, அந்த ஃபேனைக் கொஞ்சம் நகத்துங்க."

அவன் நகர்த்துவதற்குள் மேடத்தின் வாய் மூடிக்கொண்டது. சுற்றிக்கொண்டிருந்த வட்டம் மறைந்தது. திரையில் மேடம் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று முதலில் தெரியவில்லை. பனியனோடு இருந்த மாமனார் சட்டென்று மேசைக்கு அடியில் போனார். மற்ற இரண்டு பேரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டார்கள்.

"மேடம், மன்னிச்சிருங்க, லைன் போயிடுச்சு..."

"எங்க போச்சு? உங்க படம்தான் நின்னுச்சு. பேச்சு ஒரு வார்த்தை விடாம வந்துச்சு. என் சிரிப்புச் சத்தம் உங்களுக்குக் கேட்டுடக் கூடாதுன்னு நான்தான் என் மைக்கை மூடி வச்சேன்."

மருமகளுக்குக் காது வரை சூடேறியது. அப்படியானால் துடைப்பம், மானம், டிக்கெட், எல்லாமே அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. முடிந்தது கதை என்று நினைத்தாள்.

"ஒரு பக்கம் நிறைய கேள்வி எழுதி வச்சிருந்தேன்," என்றார் மேடம். "எல்லாத்துக்கும் பதில் வந்தாச்சு. ஒண்ணுதான் பாக்கி. அந்தப் பச்சை இலை நிஜமாவே தானா வந்துச்சா?"

இரண்டு தலைகள் சுவரிலிருந்து அவள் பக்கம் திரும்பின. மூன்றாவது தலை மேசைக்கு அடியிலிருந்து வந்தது. ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும், வேலை கைக்கு வந்துவிடும்போல் இருந்தது. ஆனால் மற்ற மூன்று பேரையும் ஒப்புக்கொள்ள வைத்துவிட்டு, முழுப் பூசணிக்காயைத் தான் மட்டும் சோற்றில் மறைப்பது அவளுக்கே கேவலமாகப் பட்டது.

"இல்ல மேடம். நான்தான் போட்டேன். எல்லாருக்கும் முன்னாடி போட்டதும் நான்தான். நல்லா ஓடிட்டிருந்த லேப்டாப்பு, இன்னும் வேகமா ஓடட்டும்னு பேராசைப்பட்டுப் போட்டேன். அதுக்கப்புறம்தான் மெதுவாச்சு."

"அடிப்பாவி," என்றது மேசைக்கு அடியிலிருந்து ஒரு குரல், மிகுந்த பாசத்தோடு.

மேடம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இத்தனை வருஷத்துல, பேட்டியில உக்காந்து நான்தான் போட்டேன்னு சொன்ன ஒரு ஆளை இப்பத்தான் பார்க்கறேன். திங்கட்கிழமை வேலையில சேர்ந்துருங்கம்மா."

கணவன் சுவரை விட்டு வந்து அவள் தோளில் கை வைத்தான்.

ஆனால் மேடம் போகவில்லை. எழுந்துபோய்த் தன் அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். திரைக்கு மிகப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுவந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அந்த இலையை எப்படி எடுக்கறதுன்னு மட்டும் கொஞ்சம் சொல்லிட்டுப் போங்க. என் கம்ப்யூட்டரும் ரொம்ப நாளா தவழுது. ஆபீஸ்ல யார்கிட்டயும் கேக்க முடியல."

"சொல்றேன் மேடம். கடைசியா என்ன பண்ணீங்க?"

"நான் ஒண்ணும் பண்ணலம்மா. அது தானா வந்துச்சு."

பின்னாலிருந்த இரண்டு பேரும் இஸ்திரிக்குக் கிடந்த ஒரு துவாலையின் ஆளுக்கொரு முனையை வாயில் திணித்துக்கொண்டார்கள். மேசை குலுங்கியது. மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"பரவாயில்ல மேடம். எனக்கும் முதல்ல தானாத்தான் வந்துச்சு. வாங்க, ரெண்டு பேரும் சேர்ந்தே அனுப்பி வச்சிடலாம்."