நுரை நிற்கும்வரை

சட்டியின் மேல் பொன்னிறமாகத் திரண்டு மிதந்த கொழுப்பை அங்கமுத்து சிரட்டையால் பதமாக வழித்து, கம்பத்தில் தொங்கிய எண்ணெய்க் கலயத்தில் ஊற்றினான். கடைசிச் சொட்டு விழுந்த பிறகுதான் பாயில் விரல் தட்டும் சத்தம் மாறியிருப்பது அவன் காதில் பட்டது. அதுவரை சீராகத் தட்டிக்கொண்டிருந்த விரல் இப்போது படபடவென்று அடித்தது.

திரும்பிப் பார்த்தான். அவன் மனைவி ரங்கம்மாள், மடித்து அடுக்கிய பழைய வலைகளின் மேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். படுத்தால் மூச்சு அடைத்துக்கொள்கிறது என்று அப்படித்தான் சாய்த்து வைத்திருந்தார்கள். கால் இரண்டும் வீங்கி, தோல் பளபளத்தது. கண் மட்டும் தெளிவாக இருந்தது.

"அத... ஏன் எடுத்த?"

"எண்ணெ மேல வந்துது. படகுக்கு ஆவுமேனு எடுத்தேன்."

ரங்கம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள். சிரித்தாளா, வலியா என்று அவனுக்குத் தெரியவில்லை.

அவன் செய்தது அந்தக் குப்பத்தில் யாரும் செய்யக்கூடியதுதான். சுறா ஈரலைச் சட்டியில் காய்ச்சினால் எண்ணெய் பிரிந்து மேலே வரும். அதை வழித்துப் படகின் பலகைக்குப் பூசுவார்கள். மேலே மிதப்பது மரத்துக்கு, வாய்க்கு அல்ல என்பது அவன் கைக்குச் சின்ன வயதிலிருந்தே பழக்கம். ஆனால் இந்தச் சட்டியில் இருந்தது ஈரல் இல்லை. ஒல்லாந்தர் கப்பலில் வரும் சொக்கலாத்து.

பழவேற்காட்டில் இடிந்த கோட்டைக்கு அடுத்த தெருவில் ஒரு ஒல்லாந்தர் வீட்டுச் சமையல்கட்டில் ரங்கம்மாள் பல வருஷம் வேலை செய்தாள். விடியும் முன்னே ஏரியைத் தோணியில் கடந்து போவாள். அந்த வீட்டுத் துரைசானிக்குக் காலையில் சொக்கலாத்தும் காப்பியும் கலந்த பானம் ஒரு கோப்பை வேண்டும். மத்தியானம் திரும்பி வரும்போது ரங்கம்மாளின் சேலையில் அந்த வாசனை ஒட்டியிருக்கும். "இன்னா ருசிடீ அது?" என்று அங்கமுத்து கேட்பான். "சொன்னா புரியாது. ஒரு நாளு பண்ணித் தரேன்" என்பாள்.

போன வருஷம் ஒல்லாந்தர் ஊரை இங்கிலீஷ்காரரிடம் ஒப்படைத்துவிட்டுக் கப்பல் ஏறினார்கள். போகும்போது துரைசானி ஒரு சொக்கலாத்து வில்லையையும் ஒரு கைப்பிடி காப்பிக்கொட்டையையும் துணியில் கட்டி ரங்கம்மாள் கையில் கொடுத்தாள். அவள் அதை எறும்பு ஏறாமல் உறியில் வைத்தாள். பொங்கலுக்குப் பண்ணலாம் என்றாள். பிறகு இறால் நல்லாப் படட்டும் என்றாள். பிறகு கால் வீங்கத் தொடங்கியது.

இன்று காலை அவளே கேட்டாள். "அத எடு. நீ பண்ணு. நான் சொல்றேன். நீ குடிக்கறத நான் பாக்கணும்." அதோடு இன்னொன்றும் சொன்னாள். "பேச முடியாம பூட்டா வெரலால தட்டறேன். தட்டிக்கினே இருந்தா நீ கடைஞ்சிக்கினே இரு. நிறுத்தினா சரியா வந்துடுச்சினு அர்த்தம்."

இப்போது வில்லையில் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இருந்தது.

"இன்னாடா கூத்து இது?" என்றாள் கஸ்தூரியம்மாள். அங்கமுத்துவின் அக்கா அவள். தலைமாட்டில் ஆட்டுப்பால் கிண்ணத்தோடு காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். "தொண்டையில வந்து நிக்குது மூச்சு. நீ அடுப்பாண்ட குந்திக்கினு எண்ணெ வழிக்கற."

"இன்னும் செத்த நேரம்க்கா."

"நேரம் ஒன் கையிலயா கீது? பால் வுழாம அவ பூட்டா? நாளைக்கு எம்மூஞ்சிலதான் துப்புவாங்க. நாத்தனாக்காரி பக்கத்துலயே குந்திக்கினு தாகத்தோட அனுப்சாளேனு."

அக்கா பால் ஊற்றத் தொடங்கினால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். வெளியே காத்திருக்கும் உறவெல்லாம் ஒவ்வொருவராக உள்ளே வந்து ஒரு சொட்டு விடுவார்கள். அதற்கு முன்னால் யாராவது ஒரு குடம் தண்ணீரை அடுப்பில் கவிழ்த்துவிடுவார்கள். உயிர் போகிற வீட்டில் அடுப்பு எரியக் கூடாது. சவம் போய்ச் சேர்ந்த பிறகும் சில நாள் அதில் நெருப்பு ஏறாது.

வெளியே இருமல் சத்தம் கேட்டது. ஊர்த் தலைவர், நாட்டார் ஆதிநாராயணன். "கஸ்தூரி, இன்னா நெலம?"

"இன்னும் இல்ல, நாட்டாரே."

"ஆச்சினா ஒரு கொரல் குடு."

அங்கமுத்து மீதி வில்லையைச் சூரிக்கத்தியால் சீவத் தொடங்கினான். காலையில் ரங்கம்மாள் மூச்சுக்கு மூச்சு நிறுத்திச் சொன்னதெல்லாம் இப்போதுதான் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது. சொக்கலாத்துக் கொட்டையில் ஏறக்குறைய பாதி கொழுப்பு. சூடான கல்லில் அரைத்தால் அது விழுதாகும். ஆறினால் கல்போல இறுகும். வெந்நீர் பட்டால் கொழுப்பு பிரிந்து மேலே ஓடப் பார்க்கும். ஓட விடக் கூடாது. கடைந்து கடைந்து அதைப் பொடிப் பொடி முத்தாக உடைத்து நீருக்குள்ளேயே நிறுத்த வேண்டும். அப்போதுதான் நுரை கட்டும், நாக்கில் வழவழப்பு தங்கும். இல்லையென்றால் கசப்புத் தண்ணீர்தான்.

தண்ணீரைப் பற்றியும் அவள்தான் சொன்னாள். குடத்துத் தண்ணீர் வேண்டாம், உப்புக் கரிக்கும், புதுசா எடுத்து வா என்றாள். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மணல்மேட்டில் ஊற்று தோண்டினால் மேலாக நல்ல தண்ணீர் நிற்கும். மழைத் தண்ணீர் இலேசு, உப்புத் தண்ணீர் கனம். அதனால் ஒன்றின் மேல் ஒன்று படுத்துக் கிடக்கும். குடத்தை அமுக்கினால் இரண்டும் கலந்துவிடும். சிரட்டையைச் சாய்த்து மேலாக மொள்ள வேண்டும். காலையிலேயே போய் அப்படித்தான் மொண்டு வந்திருந்தான்.

காப்பி தனியாகத் தயாராக இருந்தது. கொட்டையை ஓட்டில் வறுத்து, அம்மியில் நுணுக்கி, கொதிக்க வைத்து இறக்கி, மேலே ஒரு கை குளிர்ந்த நீர் தெளித்திருந்தான். தெளித்ததும் மிதந்த தூள் அடியில் போய் உட்கார்ந்தது. தெளிந்ததைத் துணியில் வடித்துப் பனைவெல்லத்தைக் கரைத்து வைத்திருந்தான். அந்த வேலையில் மட்டும் அவன் கை தப்பவில்லை.

கொழுப்புப் போன பழைய சட்டியிலேயே புதுச் சீவலைக் கொட்டி, காப்பியை ஊற்றி, பருப்பு மத்தை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து உருட்டினான். ரங்கம்மாளின் விரல் தட்டியது. அவன் உருட்டினான். சட்டியில் சுழல் விழுந்தது. நுரை வரவில்லை.

"இன்னாடா, தண்ணி சுத்துது, அவ்ளோதான்" என்றாள் கஸ்தூரி.

அவன் மத்தைத் தூக்கிப் பார்த்தான். பருப்பு மசிக்கும் மத்து, தலை வழவழவென்று உருண்டை. உருண்டை நீரைத் தள்ளும், கிழிக்காது. காற்று உள்ளே போக வேண்டுமானால் பல் வேண்டும். துரைசானி வீட்டு மத்தில் பல் வெட்டியிருக்கும் என்று ரங்கம்மாள் காலையில் சொன்னதை அப்போது அவன் காதில் வாங்கவில்லை. சூரியை எடுத்து மத்தின் தலையைச் சுற்றி வெட்டத் தொடங்கினான். மரம் கெட்டி. அவசரத்தில் கத்தி வழுக்கிக் கட்டைவிரலைக் கிழித்தது. வேட்டியில் துடைத்துக்கொண்டு வெட்டினான்.

பின்னால் ரங்கம்மாளின் மூச்சு நின்றது.

கஸ்தூரி கிண்ணத்தோடு முன்னால் குனிந்தாள். அங்கமுத்து கத்தியைப் பிடித்தபடி அசையாமல் இருந்தான். வெளியே யாரோ ஓலைப் படலைத் தொடும் சத்தம். பிறகு ஆழத்திலிருந்து குடம் மொள்வதுபோல மூச்சு ஏறியது. விரல் மறுபடி தட்டியது, முன்னைவிட மெதுவாக.

"தம்பி." கஸ்தூரியின் குரல் தாழ்ந்துவிட்டது. "போதும்டா."

"அவ தட்டறா பாருக்கா."

மத்தைக் கழுவிச் சட்டியில் இறக்கினான். இந்த முறை நீர் கிழியும் சத்தம் வேறாகக் கேட்டது, வலையை அலையில் அலசுவதுபோல. ஓரத்தில் குமிழி வந்தது. ஆனால் கையை எடுத்ததும் பொட்டுப் பொட்டென்று உடைந்து அடங்கியது. மறுபடி கடைந்தான். மறுபடி அடங்கியது. இருக்க வேண்டிய கொழுப்பில் பாதி படகு எண்ணெயோடு கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. குமிழியைப் பிடித்து வைக்கச் சட்டியில் ஆள் இல்லை.

ரங்கம்மாள் விரலைத் தூக்கினாள். அது பால் கிண்ணத்தைக் காட்டியது.

"கேக்கறா! பால் கேக்கறா, தாயீ!" கஸ்தூரி சங்குபோன்ற பாலாடையில் ஊற்றி அவள் வாயருகே கொண்டு போனாள். ரங்கம்மாள் உதட்டை இறுக்கி மூடிக்கொண்டாள். விரல் கிண்ணத்திலிருந்து நகர்ந்து, நடுங்கியபடி, அடுப்பைக் காட்டியது.

கஸ்தூரிக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது. புரிந்ததும் முகம் கடுத்தது.

"அதுலயா? அடிப்பாவி, இது ஒனக்கு வெச்ச பாலுடீ. குப்பத்துல எங்க தேடினாலும் இப்ப வேற கெடைக்காது."

விரல் இறங்கவில்லை. கை தாங்காமல் ஆடியது. ஆனாலும் இறங்கவில்லை.

"வெள்ளக்காரி வூட்டுக்கு ஒழைச்சி ஒழைச்சி ஒனக்கும் பிடிவாதம் வந்துடுச்சி" என்று முணுமுணுத்தபடி கஸ்தூரி எழுந்து வந்தாள். பாலாடையில் இருந்ததைக் கிண்ணத்திலேயே விட்டாள். "சட்டிய எறக்கு. வெல்லம் போட்டது கொதிக்கறப்ப பால் ஊத்தினா திரிஞ்சி பூடும், அது கூடத் தெரியாதா ஒனக்கு?"

அவன் சட்டியை இறக்கி அடுப்புக் கல்லின் ஓரத்தில் வைத்தான். கிண்ணத்துப் பாலில் பாதியை அவள் கம்பி போலச் சன்னமாக விட்டாள். ஊற்றும்போது அவள் கண் சட்டியில் இல்லை, ரங்கம்மாளின் மேல் இருந்தது. "கடைடா. இன்னா பாத்துக்கினு கீற?"

அவன் கடைந்தான். கருப்பு, மரப்பட்டை நிறமாக மாறியது. வாசனை எழுந்தது. மத்தியானங்களில் ரங்கம்மாள் படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே வரும்போது வரும் அதே வாசனை. பின்னால் விரல் தட்டியது. அவன் உள்ளங்கை எரிந்தது. விரல் தட்டியது. நுரை ஓரத்திலிருந்து நடுவுக்கு வந்து மூடியது. கிழிந்த கட்டைவிரலிலிருந்து மத்தின் காம்பில் ரத்தம் வழிந்தது. தட்டியது. நுரை தடித்து, சிறுத்த குமிழியாக, நண்டு வளைக்கு வெளியே கிடக்கும் ஈர மணல்போலத் திட்டுத் திட்டாக நின்றது.

தட்டும் சத்தம் நின்றது.

அவன் கையை எடுத்தான். நுரை அடங்கவில்லை. அவன் சட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா. நிக்குது."

கஸ்தூரி தலைமாட்டுக்குப் போயிருந்தாள். சேலை சரசரக்கும் சத்தம் கேட்டது. மிச்சப் பாலில் விரலை நனைத்து அவள் ரங்கம்மாளின் உதட்டில் வைத்தாள். பிறகு இன்னொரு முறை. உள்ளே இறங்காமல் கடைவாயில் வழிந்த பாலை முந்தானையால் ஒற்றி எடுத்தாள்.

"சரியா வந்துடுச்சினு சொல்லிட்டா" என்றான் அங்கமுத்து, திரும்பாமல்.

"ம்."

துரைசானி வீட்டிலிருந்து வந்த, காது உடைந்த கோப்பை ஒன்று இருந்தது. அதில் ஊற்றினான். அதைத் தூக்கிக்கொண்டு ரங்கம்மாளுக்கு எதிரே போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். அவள் கண் பாதி திறந்து, அசையாமல் அவன் பக்கமே இருந்தது.

வெளியே நாட்டார் இருமினார். "கஸ்தூரி? இன்னாம்மா, சத்தமே இல்ல?"

அடுப்பில் விறகு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. பக்கத்திலேயே தண்ணீர்க் குடம் இருந்தது. கஸ்தூரி குடத்தைப் பார்த்தாள். தம்பியின் கையில் இருந்த கோப்பையைப் பார்த்தாள். தொண்டையை ஒருமுறை செருமிக்கொண்டாள்.

"இன்னும் இல்ல, நாட்டாரே."

பிறகு பால் கிண்ணத்தைத் தரையில் வைத்துவிட்டு, படலுக்கு முதுகைக் கொடுத்து உட்கார்ந்தாள்.

"சூடா இருக்கும். மெதுவா குடிடா" என்றாள்.

அங்கமுத்து கோப்பையை வாயருகே கொண்டு போய் ஊதினான். நுரை ஒரு பக்கமாக ஒதுங்கியது.