மணல் வழிச் சவாரி

வாளியிலிருந்த வெந்நீர் ஆறுவதற்குள் குதிரையின் இடது முன்காலை அதற்குள் வைத்துவிட வேண்டும். அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, முழங்காலுக்குக் கீழே தோளை முட்டுக் கொடுத்து, குளம்பை மெல்ல உப்புத் தண்ணீருக்குள் இறக்கினாள். குதிரை மூச்சை இழுத்து விட்டது. மற்ற வழிகாட்டிகள் வர இன்னும் நேரமிருந்தது. லாயத்தின் கடைசித் தடுப்பு அது. தகரக் கூரையில் ஓட்டை விழுந்ததால் யாரும் வேண்டாமென்று ஒதுக்கிய இடத்தை, காற்று நன்றாக வருகிறது என்று சொல்லி அவளாகவே கேட்டு வாங்கியிருந்தாள். முதலாளியின் அறை ஜன்னலிலிருந்து பார்த்தால் கண்ணில் படாத தடுப்பு அது ஒன்றுதான்.

உப்பு வீட்டிலிருந்து வந்தது. கட்டட வேலையில் தோள்பட்டை விலகி, சுவரோரம் படுத்துக் கிடக்கும் புருஷனுக்கு ஒத்தடம் கொடுக்க வாங்கிய கல்லுப்பு. விடியற்காலையில் அவள் அதை முந்தானையில் முடிவதைப் பார்த்து அவன் சொன்னான்: “பேசாம நான் அந்த லாயத்துல வந்து படுத்துக்கிறேன். அங்கன்னா கவனிப்பு நல்லா இருக்கும் போல.”

“அது வேலைக்குப் போவுதுல்ல. நீங்களும் போங்க, உங்களுக்கும் வெந்நி வைக்கிறேன்.”

சிரிப்பாகத்தான் சொன்னாள். அவனும் சிரித்தான். ஆனால் சிரித்து முடிந்ததும் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். கடற்கரைக்கு வரும் வழியெல்லாம் அந்த முதுகு அவள் கூடவே வந்தது.

இங்கே வழிகாட்டிகள் யாருக்கும் சொந்தக் குதிரை கிடையாது. முதலாளி ஆளுக்கு ஒன்றாக ஒப்படைப்பார். சவாரி போனால் கூலி. குதிரை நின்றால் ஆளும் நின்றான். மழைக்கு முன்னால், இங்கே வழிகாட்டியாக இருந்த நெட்டையனின் பழுப்புக் குதிரைக்கு ஒரு தனிச் சவாரி வந்தது. வெள்ளை ஷூ போட்ட ஒருத்தர், இனிக்க இனிக்கப் பேசினாராம். குதிரைக்கு என்ன தீனி, எப்போது லாடம் அடித்தது என்று கேட்டாராம். நெட்டையனும் பெருமையாக எல்லாம் சொன்னான், அதன் முட்டி வலியையும் சேர்த்து. அந்த வாரமே லாரி வந்து குதிரையை ஏற்றிக்கொண்டு போனது. வந்தவர் முதலாளி அனுப்பிய மாட்டு டாக்டர் என்று அப்புறம்தான் தெரிந்தது. நெட்டையன் இப்போது மீன் மார்க்கெட்டில் ஐஸ் பெட்டி தூக்குகிறான்.

“அண்ணி, வாளிய மறை.” சாணி அள்ளும் தட்டோடு நாத்தனார் வந்து நின்றாள். இந்த லாயத்தைப் பெருக்குவது அவள்தான். அண்ணன் மனைவிக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததும் அவள்தான். அதை வாரத்துக்கு ஒரு தடவையாவது ஞாபகப்படுத்தாமல் இருக்க மாட்டாள். “முதலாளி எந்திரிச்சுட்டாரு. உனக்குத் தனிச் சவாரி ஒண்ணு வந்திருக்கு.”

“ஜோடியா?”

“ஜோடியும் இல்ல, ஜாடியும் இல்ல. ஒத்தப் பொம்பள. வெள்ளைக் குதிரைதான் வேணும்னு கேட்டிருக்காங்களாம்.”

குளம்பைத் துணியால் ஒற்றியெடுத்துக்கொண்டிருந்த அவள் கை நின்றது. “எதுக்கு வெள்ளை?”

“அதத்தான் நானும் யோசிக்கிறேன். புதுசா கல்யாணம் ஆனவங்க ஏறுவாங்க. போட்டோவுக்கு ஏறுவாங்க. இந்த வயசுல ஒத்தையா வந்து எவ ஏறுவா? எனக்கென்னமோ சரியாப் படல.”

“நீ வாய வச்சுக்கிட்டு சும்மா இரு.”

“நான் சும்மாதான் இருக்கேன். போற வர்ற ஆளுக்கெல்லாம் தலையாட்டுதே, உன் சீமாட்டி, அதச் சும்மா இருக்கச் சொல்லு.”

சீமாட்டி என்பது லாயத்தில் அதற்கு வைத்த பட்டப்பெயர். தண்ணீர் கலங்கியிருந்தால் வாய் வைக்காது, சாணியை மிதிக்காது. இப்போது அந்தச் சீமாட்டிக்குக் குளம்புக்குள் எங்கேயோ வலி. வெளியே வெட்டுமில்லை, வீக்கமுமில்லை. கால் தரையில் படும்போது தலையை ஒரு தடவை மேலே தூக்கும், அவ்வளவுதான். அதைப் படிக்கத் தெரிந்தவர்களுக்கு அது போதும்.

அவள் குளம்பின் குழியில் பஞ்சை வைத்து, மேலே தாரைத் தடவி, தாரின் மேல் மண்ணைத் தூவினாள்.

வந்த அம்மாளுக்கு ஐம்பது வயதிருக்கும். தலையில் ஓட்டல் கடையில் வாங்கிய புதுத் தொப்பி. விலைச் சீட்டு கட்டியிருந்த நூல் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. வந்ததும் குதிரையின் முகத்தைப் பார்க்கவில்லை. கால்களைப் பார்த்தாள். பார்வை மெதுவாக மேலே ஏறி முதுகுக்குப் போய், மறுபடி கால்களுக்கு வந்தது.

சவாரிக்கு வருகிறவர்கள் முகத்தைத்தான் பார்ப்பார்கள். கண்ணு எவ்வளவு அழகு என்பார்கள். காலைப் பார்க்கிறவர்கள் வேறு ஜாதி. அவள் குதிரையின் இடதுபக்கம் போய், தன் சேலை அந்தக் காலை மறைக்கும்படி நின்றுகொண்டாள்.

“இதுக்கு என்ன வயசு?” என்றாள் அந்த அம்மாள்.

“சின்ன வயசுதாம்மா. ஏறுங்க.”

முதலாளி தன் அறை வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். அந்த அம்மாளைப் பார்த்துத் தலையசைத்தார். அந்த அம்மாளும் தலையசைத்தாள். தெரிந்தவர்கள் தலையசைப்பதற்கும் தெரியாதவர்கள் தலையசைப்பதற்கும் வித்தியாசம் உண்டு. இது எந்த வகை என்று அவளால் பிடிக்க முடியவில்லை.

கூட்டமாகப் போகும்போது பயமில்லை. வரிசையில் நடுக் குதிரையாக விட்டுவிட்டால் முன்னால் ஒரு வால், பின்னால் ஒரு மூக்கு. யாரும் கவனிக்க மாட்டார்கள். தனிச் சவாரியில் ஒரு குதிரை, ஒரு ஆள், ஒரு கயிறு. கண்ணுக்கு வேறு வேலையே கிடையாது. அதனால் அவள் அலை வந்து போகும் ஓரமாக, பாதம் புதையும் மணலிலேயே கூட்டிப் போனாள். ஈர மணல் மெத்தை மாதிரி. அதில் கால் பட்டால் குதிரை தலையைத் தூக்குவதில்லை. இரண்டு மாதமாக இந்த மணல்தான் அவர்களைக் காப்பாற்றி வருகிறது.

அந்த அம்மாள் போனைக்கூட எடுக்கவில்லை. கடல் ஒரு பக்கம் விடியலின் நிறத்தில் கிடந்தது, மறுபக்கம் தென்னைகள் சாய்ந்து நின்றன. இதற்காகத்தான் ஜனங்கள் காசைக் கொட்டிக்கொண்டு வருகிறார்கள். இந்த அம்மாளோ இரண்டு கையாலும் சேணத்தின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, குனிந்து கீழேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“போட்டோ எடுக்கணுமாம்மா? போனைக் குடுங்க, நான் எடுக்கிறேன்.”

“வேண்டாம், வேண்டாம். நீங்க கயித்தை விடாதீங்க.” கொஞ்ச தூரம் போனதும் கேட்டாள். “ஒரு நாளைக்கு எத்தனை தடவை போவும் இது?”

“அதிகம் இல்லம்மா.”

“களைச்சுப் போனா என்ன பண்ணும்? நின்னுடுமா?”

“இது களைக்காதும்மா.”

தன் குரல் தனக்கே ஒட்டாமல் கேட்டது அவளுக்கு. இத்தனை ‘அம்மா’ போட்டு அவள் யாரிடமும் பேசியதில்லை. பயம் வந்தால் வாயில் சர்க்கரை ஊறிவிடுகிறது. வீட்டுக்காரம்மா வாடகைக்கு வந்து நிற்கும்போதும் இதே குரல்தான் வருகிறது. குதிரை காதைத் திருப்பியது. அதுகூட மேலே இருப்பவளிடம் ஏதோ சொல்லப் பார்ப்பதுபோல் இருந்தது. அவள் கயிற்றைச் சுண்டினாள்.

“ஏன் மணல்லயே போறோம்? அங்க ரோடு இருக்கே.”

வந்துவிட்டது. அவள் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள். “வெயிலும்மா அங்க.”

“மரம் இருக்கே, நிழலாத்தான் தெரியுது.”

“வண்டி வரும். மிரண்டுடும்.”

“ஓட்டல்ல கேட்டேன். காலையில வண்டியே வராதுன்னாங்க. அந்தப் பாறை மேல போற ரோடுதானே அது? கொஞ்ச தூரம் அதுல போய்ப் பாக்கலாம்.”

ஓட்டலில் விசாரித்துவிட்டு வந்திருக்கிறாள். இனி மறுத்தால் மறுத்ததே சாட்சி. அவள் குதிரையைத் திருப்பினாள்.

மணல் முடிந்து கல் தொடங்கிய இடத்தில் சீமாட்டி நின்றது. அவள் அதன் தாடைக்குக் கீழே கயிற்றைக் குட்டையாகப் பிடித்து, தலையைத் தன் தோளோடு சேர்த்து அழுத்திக்கொண்டாள். அப்படிப் பிடித்தால் தலை மேலே போகாது. வலி வரும், தலை அசையாது. இடது கால் கல்லில் பட்ட ஒவ்வொரு தடவையும் தலை எழும்பப் பார்த்தது. அவள் முழங்கையால் அமுக்கினாள். அதன் மூச்சு சூடாக அவள் கழுத்தில் அடித்தது. லாடச் சத்தத்தில் மூன்று சரியாகவும் ஒன்று பிந்தியும் விழுவது கேட்காமல் இருக்க, அவள் சம்பந்தமில்லாமல் மரங்களைப் பற்றியும் காற்றைப் பற்றியும் பேசிக்கொண்டே நடந்தாள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே அது நினைவுக்கு வந்தது. தோளில் முதல் பிடிப்பு வந்த வாரம் புருஷன் மேஸ்திரியிடம் சொல்லப் போனான். “வலிச்சாலும் முகத்துல காட்டாதீங்க. காட்டினா நாளைக்கு வேற ஆளப் போட்டுருவாரு” என்று வாசல்வரை வந்து சொல்லி அனுப்பியது அவள்தான். அவன் காட்டவில்லை. சிமென்ட் மூட்டையோடு படியில் விழும்வரை காட்டவில்லை. இந்தக் கையால்தான் அன்று அவன் சட்டைக் காலரைச் சரி செய்து விட்டாள். அவள் முழங்கையை எடுத்துவிட நினைத்தாள். எடுக்கவில்லை.

“கொஞ்சம் நிறுத்துங்க.”

நிறுத்தினாள். அந்த அம்மாள் குனிந்து தரையைப் பார்த்தாள், பிறகு ஏறிப்போகும் கல்பாதையைப் பார்த்தாள். நெற்றியெல்லாம் வேர்த்திருந்தது.

“ரொம்ப மெதுவாப் போகுது.”

“உங்களுக்காகத்தாம்மா.”

“நான் ஒண்ணு கேட்கிறேன், மறைக்காமச் சொல்லுங்க.” குரலில் அதட்டல் இல்லை. கெஞ்சல் மாதிரிகூட இருந்தது. “இந்தக் குதிரைகிட்ட ஏதாவது கோளாறு இருந்தா இப்பவே சொல்லிடுங்க. உங்க முதலாளிகிட்ட நான் எதுவும் சொல்ல மாட்டேன்.”

நெட்டையனிடமும் இப்படித்தான் கேட்டிருப்பார்கள். ஆனாலும் ஒரு நிமிஷம் அவளுக்குச் சொல்லிவிடத் தோன்றியது. யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருந்தது. இரண்டு மாதமாக அவள் இதை நாத்தனாரிடம்கூட முழுதாகச் சொல்லவில்லை. நாக்கு நுனிவரை வந்தது. அப்போது அந்தத் தொப்பியின் நூல் காற்றில் ஆடியது. எல்லாம் இன்றைக்காகவே வாங்கிய வேஷம் என்று பட்டது.

“ஒண்ணும் இல்லம்மா. தங்கமான குதிரை.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“சரி. திரும்பலாம்.”

திரும்பும்போது மணலிலேயே வந்தார்கள்.

லாயத்து வாசலில் முதலாளி சட்டை மாற்றிக்கொண்டு நின்றிருந்தார். நாத்தனார் துடைப்பத்தோடு தூணோரம் ஒதுங்கினாள். என்னாச்சு என்று புருவத்தால் கேட்டாள். அந்த அம்மாள் இறங்கியதும் தூணைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வாங்கியது. பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பத்து வயது குறைந்துபோனது.

“இவங்களை ரொம்பப் படுத்திட்டேன். எனக்குக் குதிரைன்னாலே உயிர் போயிடும். நேத்து அந்தக் கோடியில இருக்கிறவங்ககிட்ட ஒரு கறுப்புக் குதிரையில ஏறினேன், துள்ளுச்சு, இறங்கிட்டேன். அதான் இங்க வெள்ளையாப் பார்த்துக் கேட்டேன். பேரப்பிள்ளைங்க எல்லாம் இன்னைக்கு ராத்திரி வருதுங்க. பாறை மேல குதிரையிலதான் போவோம்னு ஒரே அடம். நான் முதல்ல ஏறிப் பார்க்காம எப்படி அனுப்புறது? கீழ குனிஞ்சு பார்த்துக்கிட்டே வந்தேன், எவ்வளவு உயரம்னு. வயசென்ன, களைக்குமா, நின்னுடுமான்னு இவங்களைக் கேட்டுக் கேட்டு அரிச்சுட்டேன்.”

“அதுக்கென்ன, அது எங்க கடமை” என்றார் முதலாளி.

“எனக்கு இந்தக் குதிரைதான் வேணும். வேற எதுலயும் பிள்ளைங்களை ஏத்த மாட்டேன். என்ன நிதானம். கல்லுல ஏறினப்போ பார்த்தேன், ஒவ்வொரு காலையும் யோசிச்சு யோசிச்சு வைக்குது.”

அவள் கயிற்றைப் பிடித்தபடி நின்றாள். டாக்டர் இல்லை. யாரும் அனுப்பிய ஆள் இல்லை. கேட்டபோதே சொல்லியிருந்தால் இந்த அம்மாள் வேறு குதிரையைப் பார்த்துக்கொண்டு போயிருப்பாள். சொன்னபடி முதலாளியிடம் வாய் திறக்காமலும் இருந்திருப்பாள். நெஞ்சில் ஏதோ இறங்கியது. இறங்கியது பயமா, பயம் போன இடமா என்று தெரியவில்லை.

“நாளைக்கு முழுக்க இதையே எடுத்துக்கோங்க” என்றார் முதலாளி. “சின்னப் பிள்ளைங்கன்னா ரெண்டு ரெண்டு பேரா ஏத்தலாம். பெரிய சேணம் இருக்கு. பாறை வரைக்கும் போயிட்டுப் போயிட்டு வரட்டும்.”

அவர் உள்ளேயிருந்து இரட்டைச் சேணத்தை எடுத்து வரச் சொல்லி, முதுகில் இருந்ததைக் கழற்றிவிட்டு, அளவு பார்க்கத் தானே குதிரையின் மேல் போட்டார். பாரம் விழுந்ததும் சீமாட்டி இடது முன்காலைத் தரையிலிருந்து தூக்கி, மடக்கி, அப்படியே அந்தரத்தில் வைத்துக்கொண்டது.

“ஐயோ, பாருங்களேன்” என்றாள் அந்த அம்மாள். “வணக்கம் சொல்லுது.”

தூணோரம் நாத்தனார் தலையைக் குனிந்துகொண்டாள். முதலாளி அந்தக் காலைப் பார்த்தார். பார்க்க வேண்டியதைவிடச் சற்று அதிக நேரம் பார்த்தார். குளம்பின் ஓரத்தில் தாரும் மண்ணும் பெயர்ந்து, பஞ்சின் நுனி வெளியே தெரிந்தது. பிறகு அவர் பார்வை அவள் முகத்துக்கு வந்தது. அதில் ஆச்சரியமே இல்லை. கூரையில் ஓட்டை விழுந்த தடுப்பை அவள் கேட்டபோது உடனே சரியென்று சொன்ன அதே முகம்.

“நம்ம ஆளுங்க பழக்கி வச்சிருக்காங்க” என்றார் அந்த அம்மாளிடம். சேணத்தின் வாரை இழுத்துப் பூட்டும் சாக்கில் அவள் பக்கம் குனிந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “நாளைக்கு ஒரு நாள் ஓட்டிடு. லாரிக்கு மறுநாள்தான் சொல்லியிருக்கேன்.”

வாரின் கொக்கி இறுகியது. குதிரை காலை மெல்லக் கீழே வைத்தது.

“இன்னொரு தடவை பண்ணச் சொல்லுங்களேன்” என்று அந்த அம்மாள் கைப்பையைத் திறந்து போனை எடுத்தாள். “பிள்ளைங்களைப் பெத்தவங்களுக்கு அனுப்பணும். பார்த்தாப் பயமே போயிடும்.”

முதலாளி கயிற்றோடு நின்றவளைப் பார்த்துத் தலையசைத்தார்.

அவள் சேணத்தின் மேல் உள்ளங்கையை வைத்து, உடம்பின் பாரமெல்லாம் இறங்கும்படி ஒரு தடவை அழுத்தினாள். சீமாட்டி காலைத் தூக்கியது.

“அப்படியே, அப்படியே” என்றாள் அந்த அம்மாள், போனை உயர்த்தியபடி. “நீங்களும் கொஞ்சம் சிரிங்க.”