எட்டடிப் பள்ளம்

சமீர் ஐந்தரைக்கு எழுந்தான். மோட்டாரைப் போட்டான். டீ போட்டுக் குடித்தான். சட்டையைத் தேய்த்து மாட்டிக்கொண்டு பூந்தமல்லியிலிருந்து பைக்கில் கிளம்பினான். ஜீனத் இறந்து இருபத்து மூன்று நாள்.

முத்தாபுதுப்பேட்டைக்கு அப்பால், வயல்களின் ஊடே குடிநீர்க் குழாய் பதிக்கிறார்கள். சமீர் அங்கே மேற்பார்வையாளன். அவன் மனைவி ஜீனத் தொல்லியல் ஆய்வுக் குழுவில் இருந்தாள். குழாய் போகும் வழியில் பழம்பொருள் கிடைத்தால் அந்தக் குழு பதிவு செய்யும்.

எட்டடிப் பள்ளத்தின் சுவரில் ஒரு முதுமக்கள் தாழியின் வாய் தெரிந்தது. மண் அடுக்குகளை வரைந்த பிறகுதான் அதை எடுக்கலாம். சுவர் சரியாமல் தாங்கிய முட்டுப் பலகைகள் அடுக்கை மறைத்தன. இரண்டைக் கழற்றச் சொன்னவன் சமீர். கழற்றும் முன் விளிம்பில் குவிந்த மண்ணை அள்ளியிருக்க வேண்டும். அது அரை நாள் வேலை. குழாய் லாரிகள் காத்து நின்றன. அள்ளவில்லை. ஜீனத் இறங்கிய கால் மணியில் சுவர் சரிந்தது.

இன்று பத்து மணிக்கு விசாரணை. ஒப்பந்தக்காரர் தமிழரசு ஷெட்டில் ஒரு தாளை நீட்டினார். ஜீனத் யாரிடமும் சொல்லாமல் பள்ளத்தில் இறங்கியதாக அதில் தட்டச்சு செய்திருந்தது.

"போனவங்க திரும்பி வரப் போறாங்களா மச்சான்? நீ உள்ள போய்ட்டா இன்னா ஆவும்? கையெழுத்து போட்டா கை தேஞ்சா பூடும்?"

சமீர் பேனாவைத் திறந்தான். இத்தனை நாளும் எதற்கும் தலையாட்டிக்கொண்டிருந்தவன்தான். 'யாரிடமும் சொல்லாமல்' என்ற இடத்தில் கை நின்றது. தாளை மடித்துத் தமிழரசுவிடமே கொடுத்தான்.

விசாரணை அதிகாரி ரேணுகாவிடம், பலகையைக் கழற்றச் சொன்னது தான்தான் என்றான். குழியில் இறங்குகிறவரின் உயிரைவிட எந்த வேலையும் அவசரமில்லை, அது தெரிந்தும் அவசரப்பட்டேன் என்றான். அவர் எழுதிக்கொண்டார். பிறகு, உள்ளே இறங்கிய ஜீனத் ஏதாவது சொன்னாரா என்று கேட்டார்.

சொன்னாள். பள்ளத்துக்குள்ளிருந்து, அண்ணாந்து பார்த்து. அதற்கு, ஐந்து நிமிடம் பொறு என்று அவன் பதில் சொல்லியிருந்தான்.

"என்னாங்க, மேலேர்ந்து மண்ணு உதிருது. அதை மொதல்ல அள்ளச் சொல்லுங்க."